தன் காலில் நிற்றல் என்பது யாது?

“நான் கண்ணை மூடினாப்பிறகு இவனுக்கு ஆர் மாஸ்டர் தேத்தண்ணி ஊத்திக் குடுக்கிறது?”

எங்கள் அயலில் வாழும் ஒரு தாய் சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் கேட்ட கேள்வி இது. அவருடைய மகனுக்கு அப்பொழுது பத்தொன்பது வயது. ஓட்டிசம் உடையவன். பேச்சு மிகக் குறைவு. தேவைக்கு மூன்று நான்கு சொற்கள். சந்தியால் போகும் பஸ்களின் இலக்கங்களை ஒருமுறை கண்டால் மறவான். ஆனால் சேட்டுப் பொத்தானைத் தாய் பூட்டிவிட வேண்டும்; பல் துலக்கத் தாய் வேண்டும்; தேநீரும் தாயின் கையால் வர வேண்டும்.

பழைய ஆசிரியனின் பழக்கதோஷம் என்னை விடவில்லை. “அவனுக்கே பழக்குவம், பிள்ளை” என்று உடனே கூறிவிட்டேன். இன்று எண்ணிப் பார்க்கையில், அத்தாய் கேட்டது ஒன்று, நான் விடையிறுத்தது வேறொன்று என்பது புலனாகிறது. தமக்குப் பின் தமது இடத்தில் நிற்கப் போகிறவர் யார் என்பதே அவர் வினா. அவ்விடத்தில் ஒருவருமே நிற்க வேண்டாதபடி செய்துவிடலாம் என்பது என் விடை. ஓட்டிசம் உடைய இளைஞர்க்கு அன்றாட வாழ்க்கைக்குரிய கருமங்களைப் பழக்குவது பற்றிப் பேசுவோர் பலரும் இந்த அவசர விடையையே தருகின்றனர். குளிக்க, உடுக்க, சமைக்க, காசு எண்ண, பஸ் ஏறப் பழகிவிட்டால் அவன் “தன் காலில் நிற்பான்” என்கின்றனர். அங்ஙனம் நிற்பது என்றால் என்ன? நம்முள் யார் அப்படி நிற்கிறோம்? நிற்க முடியாதவனுக்குச் சமுதாயத்தில் என்ன இடம்? இவ்வினாக்களை ஒதுக்கிவிட்டுப் பயிற்சி முறைகளை மட்டும் பேசுவது போதாது என்பதே எனது கருத்து.

ஒரு சொல் முதலில். ஓட்டிசத்தை “மதியிறுக்கம்” என்று தமிழ்ப்படுத்தியிருக்கிறார்கள். எனக்கு அது உவப்பாக இல்லை. இறுகிக் கிடப்பது அவனது மதியா, அவனைச் சூழ்ந்திருக்கும் நமது மதியா என்பது ஆராயத் தக்கது. ஆகவே மக்கள் வழங்கும் சொல்லையே நானும் வழங்குகிறேன்.

அமெரிக்காவின் பால்ற்றிமோர் நகரில் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையிலிருந்த லியோ கானர் என்னும் வைத்தியர், 1943ஆம் ஆண்டு வெளியிட்ட ஒரு கட்டுரையில் பதினொரு பிள்ளைகளின் வரலாற்றை எழுதினார். ஓட்டிசம் தனியொரு நிலையாக மேற்குலக வைத்தியத்தில் இடம்பெற்றது அக்கட்டுரையின் பின்னரே. அப்பதினொருவரில் முதலாமவன் டொனால்ட் ட்ரிப்லெற். மிசிசிப்பி மாநிலத்தில் ஃபொரெஸ்ற் என்னும் சிற்றூரில் 1933இல் பிறந்தவன். தந்தை வழக்கறிஞர், தாயின் குடும்பமோ அவ்வூர் வங்கிக்கு உரியது. மூன்று வயது கடந்த அளவில், வைத்தியரின் ஆலோசனைப்படி அவனை வீட்டிலிருந்து பிரித்து ஒரு நிலையத்தில் விட்டனர். அங்கு அவன் ஒடுங்கிப்போனான். அங்கிருந்தோர் விரும்பாதபோதும் பெற்றோர் 1938இல் அவனை மீட்டு வந்தனர்.

இதற்குப் பிறகு நடந்ததே நாம் கவனிக்க வேண்டியது. 1942இல் பெற்றோர் அவனை ஊரிலிருந்து பத்து மைல் தொலைவில் இருந்த ஒரு குத்தகைக் கமக்காரனின் வீட்டில் தங்கவிட்டனர். அக்கமக்காரனும் மனைவியும் பிள்ளையில்லாதவர்கள். உளவியல் எதுவும் கற்றவர்களல்லர். டொனால்டுக்கு எதையும் அளந்து பார்க்கும் பித்து இருந்தது. அவர்கள் அவனைக் கிணறு வெட்டச் செய்து, ஆழம் எவ்வளவு என்று அளந்து கூறச் செய்தார்கள். செத்த பறவைகளையும் பூச்சிகளையும் சேர்த்துக்கொண்டே இருந்தான். தோட்டத்தில் ஒரு மூலையை அவற்றுக்கு மயானமாக ஒதுக்கிக் கொடுத்தார்கள். சோளப் பயிரின் வரிசைகளை ஓயாது எண்ணிக்கொண்டிருந்தான். எண்ணட்டும், ஆனால் உழுதுகொண்டே எண்ணட்டும் என்றார்கள். 1945இல் கானர் அங்கு போனபோது, அவன் குதிரையைத் திருப்பித் திருப்பி ஆறு நீண்ட சால்களை உழுவதைத் தம் கண்ணால் கண்டு வியந்திருக்கிறார்.

அந்தக் கமக்காரனும் மனைவியும் செய்தது என்ன? பிள்ளையின் பித்தை அழிக்க முற்படவில்லை. அதை நோய் என்று பெயரிட்டு, அது நீங்கிய பின் வேலை பழக்கலாம் என்று காத்திருக்கவும் இல்லை. எண்ணும் இன்பம் அவனுடையது. உழவு அவர்களது வாழ்க்கை. இரண்டையும் ஒரே சாலில் ஓடவிட்டார்கள். வேலை தெரிந்த ஏழைகளின் அறிவு இது. தம் தொழிலை உள்ளும் புறமும் அறிந்தவனுக்கே அதில் இன்னொருவனுக்கு எங்கே இடம் உண்டென்று தெரியும்.

டொனால்ட் பின்னர் கல்லூரிக்குச் சென்று 1958இல் பட்டம் பெற்றான். தன் குடும்பத்தின் வங்கியில் வேலை பார்த்தான். இருபத்தேழு வயதில் கார் ஓட்டப் பழகினான். தனியே பல நாடுகளுக்குப் பயணம் செய்தான். பெற்றோர் மறைந்த பின்னும் அதே வீட்டில் வாழ்ந்து, 2023ஆம் ஆண்டு தன் 89ஆவது வயதில் காலமானான். “பார்த்தீர்களா, பயிற்சியின் வெற்றியை!” என்று கூறத் தோன்றும். ஆனால் 1971இல் கானர் அப்பதினொருவரும் என்ன ஆயினர் என்று மீண்டும் தேடி எழுதினார். அதில், அரசாங்க மனநோய் நிலையங்களில் விடப்பட்டவர்கள் சிறுவயதில் காட்டிய திறமைகளையும் இழந்து, இருந்த இடமே தெரியாதபடி கரைந்துபோனதைக் காண்கிறோம். ஆயுள் தண்டனைக்கு ஒப்பானது அது என்று அவ்வைத்தியரே மனம் நொந்திருக்கிறார். டொனால்டுக்கும் அவர்களுக்கும் இடையிலிருந்த வேறுபாடு மூளையில் மட்டுமா இருந்தது? அவனுக்கு ஒரு வங்கி இருந்தது. அவனை அறிந்து அவன்மீது கண் வைத்திருந்த ஓர் ஊர் இருந்தது. அதே மிசிசிப்பியில், அதே ஆண்டில், பருத்தித் தோட்டத்துக் கறுப்பினக் குடும்பமொன்றில் அதே இயல்புடன் பிறந்த பிள்ளைக்கு இவற்றுள் எது வாய்த்திருக்கும்? கானரின் பதினொருவரும் படித்த குடும்பத்துப் பிள்ளைகளே. ஏனையோர் அவருடைய வாசலுக்கே வரவில்லை.

இனி எமது அயல்வீட்டுப் பையனிடம் வருகிறேன். தேநீர் தயாரிப்பதை நான் பதினாறு படிகளாகப் பிரித்தேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு படம் எடுத்து எங்கள் குசினிச் சுவரில் வரிசையாக ஒட்டினேன். இத்தகைய பயிற்சியில் முதற்படியிலிருந்து தொடங்குவதே முறையென்று நாம் எண்ணுவோம். கடைசிப் படியிலிருந்து பின்னோக்கி வருவது பலருக்கு எளிது என்பதை நான் படித்துத்தான் அறிந்தேன். பதினைந்து படிகளை நாம் செய்து, சீனியைக் கலக்கும் பதினாறாவதை மட்டும் அவனிடம் விட வேண்டும். ஒரு கருமம் முடிந்தது என்ற நிறைவு முதல் நாளிலேயே அவனுக்குக் கிடைக்கிறது. அது கைவந்ததும் பதினைந்தாவது, பிறகு பதினான்காவது. கையைப் பிடித்து உதவுவதைச் சிறுகச் சிறுகக் குறைக்கவும் வேண்டும். இல்லையேல் நம் கை படும்வரை காத்திருப்பதையே அவன் பாடமாகக் கற்றுக்கொள்வான்.

ஏழு மாதமாயிற்று. எங்கள் குசினியில் அவன் பிழையின்றித் தேநீர் ஊற்றினான். மகிழ்ந்துபோய் அவனுடைய வீட்டுக்கு அழைத்துச் சென்றோம். அங்கே அசையாது நின்றான். எங்களிடம் இருந்தது அடுப்பில் வைக்கும் கேத்தில். அவர்களிடம் இருந்தது மின்சாரத்தால் கொதிப்பது. எனக்கு இரண்டும் கேத்தில். அவனுக்கு அவை இரு வேறு பொருள்கள். ஓரிடத்தில் கற்றது இன்னோரிடத்துக்கு இயல்பாகச் சென்றுவிடாது என்பது இத்தொழிலில் உள்ளோர் யாவரும் அறிந்தது; அறியாதவன் நான்தான். மீண்டும் முதலிலிருந்து தொடங்கினோம்.

அதன்பின் நடந்ததை எழுதக் கூச்சமாக இருக்கிறது. தன் வீட்டில் அவன் தேநீர் ஊற்றிக் கலக்கித் தாயிடம் கொடுத்தான். எனக்கும் கொடுத்தான். தனக்கு ஊற்றவில்லை. ஊற்றிக் கொடுத்த கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டு, ஒரு தம்ளரை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போய்த் தண்ணீர் குடித்தான். மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும் அப்படியே. தாய் கூறினார்: “சின்னனிலையிருந்தே விருப்பமில்லை மாஸ்டர். நான் பிடிச்சுப் பருக்கினால் குடிப்பான்.” சொல்லி முடித்ததும் தாம் கூறியதைத் தாமே கேட்டவர்போல் நெடுநேரம் பேசாதிருந்தார். அவனுக்குத் தேநீர் வேண்டுமா என்று பத்தொன்பது ஆண்டுகளாக யாரும் கேட்கவில்லை. கேட்கும் வழியை அமைத்துக் கொடுக்கவுமில்லை. ஏழு மாதம் பாடுபட்டுப் படிப்பித்த ஆசிரியனும் கேட்கவில்லை.

ஒரு திறமை யாருடையது என்ற வினா இங்கேதான் எழுகிறது. அவன் தேநீர் ஊற்றக் கற்றதனால் நன்மை அடைந்தோர் நானும் அவன் தாயுமே. அது தவறன்று. பிறர்க்கு ஒன்று செய்து கொடுக்கும் நிலையும் மனிதர்க்கு உரியதே. இதுவரை அவன் பெறுகிறவனாக மட்டுமே இருந்தான். ஆயினும் “இவன் தன் காலில் நிற்கப் பழகுகிறான்” என்று நான் கூறிக்கொண்டு நடந்த அவ்வளவு காலமும், அவனது விருப்பம் என் கணக்கிலேயே இருக்கவில்லை.

இத்தகைய கணக்குகளை எழுதும் அளவுகோலுக்கும் ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்தில் வைன்லண்ட் என்னுமிடத்துப் பயிற்சிப் பாடசாலையில் எட்கார் டோல் என்பவர் 1935இல் ஓர் அளவுகோலை வெளியிட்டார். தானே உண்கிறானா, உடுக்கிறானா, காசை ஒழுங்காகச் செலவிடுகிறானா என 117 விடயங்களால் ஒருவனது சமூக முதிர்ச்சியை அளப்பது அது. அதன் வழிவந்த அளவுகோல் இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது. பயனுள்ளதுதான். படிப்பில் கெட்டிக்காரரான ஓட்டிச இளைஞர்கள் பலர் அன்றாடக் கருமங்களில் மிகப் பின்தங்கி நிற்பதை அத்தகைய அளவுகள்தாம் வெளிப்படுத்தின. ஆனால் அதே வைன்லண்டில் டோலுக்கு முன்னிருந்த ஹென்றி கொடாட், அறிவு குறைந்தோர் என்று தாம் முத்திரை குத்தியவர்கள் பிள்ளை பெறலாகாது என்று வாதிட்டு 1912இல் ஒரு நூல் எழுதியவர். மனிதரை அளக்கும் கோல் கையில் இருக்கையில், அளவு குறைந்தவரை என்ன செய்வது என்ற எண்ணம் தொலைவில் இருப்பதில்லை.

அந்த 117 கேள்விகளையும் நம்மூர்ப் பெரிய மனிதர் ஒருவரிடம் கேட்டுப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை. கேத்தில் எங்கே இருக்கிறது என்பதே அவருக்குத் தெரியாது. அவருடைய வேட்டியை ஒருவர் தோய்க்கிறார். இன்னொருவர் காரை ஓட்டுகிறார். மருந்துக் குளிசையை மனைவி நேரம் பார்த்துக் கையில் கொடுக்கிறார். பிறரில் தங்கி வாழ்வதில் எங்கள் பையன் அவருக்கு அருகிலும் வரமாட்டான். ஆனால் அவரைப் பாரம் என்று யாரும் கூறுவதில்லை. காசு கொடுத்துத் தங்கியிருந்தால் அது அந்தஸ்து. காசின்றித் தங்கியிருந்தால் குறைபாடு! அவர் மகனுக்குச் சோறு காய்ச்சத் தெரியாதது ஆண்மைக்கு அடையாளம். மகளுக்குத் தெரியாவிட்டால் தாய்க்கு வசை. ஆகவே “தன் காலில் நிற்றல்” என்று நாம் புகழ்வது பெரும்பாலும் பிறருடைய உழைப்பைப் பார்வையிலிருந்து மறைத்துவைக்கும் ஆற்றலே என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இதை வெறும் சொல்விளையாட்டு என்று எண்ணலாகாது. பயன்படுவோன் எவன், பயன்படாதோன் எவன் என்ற கேள்வி ஒரு காலத்தில் கொலைக்கே இட்டுச் சென்றது. கானர் எழுதிய அதே காலத்தில் வியன்னாவில் இத்தகைய பிள்ளைகளை ஆராய்ந்தவர் ஹான்ஸ் அஸ்பேகர். இவர்களுள் சிலர் சமுதாயத்துக்கு மிகவும் பயன்படுவர் என்று 1944இல் அவர் எழுதியதை உலகம் நெடுங்காலம் கருணையின் குரலாகக் கருதியது. அதே அஸ்பேகர், பயிற்ற இயலாதோர் எனக் கருதிய பிள்ளைகளை நாஜிகளின் ஸ்பீகல்கிறுண்ட் நிலையத்துக்கு அனுப்ப உடன்பட்டதை, 2018இல் ஹெர்விக் செக் என்னும் வரலாற்றாசிரியர் ஆவணங்களைக் கொண்டு நிறுவினார். அங்கு அனுப்பப்பட்ட இரு பெண் குழந்தைகள் மாண்டனர். அந்நிலையத்தில் மாண்ட பிள்ளைகள் ஏறத்தாழ 800 பேர். பயனைக் காட்டி ஒருவனுக்கு உயிர்ப்பிச்சை கேட்டால், பயனற்றவன் என்று ஒதுக்கப்பட்டவனை நாமே கைவிட்டவர்கள் ஆகிறோம். “இவனும் பழகினால் வேலை செய்வான், சம்பாதிப்பான்” என்று அரசாங்கத்திடமும் கொடையாளரிடமும் மன்றாடுகையில் இதை நான் நினைத்துக்கொள்கிறேன். நானும் அப்படி மன்றாடியவன்தான்.

இன்னொரு வகைப் பிழையும் உண்டு. கலிபோர்னியாவில் இவார் லோவாஸ் என்னும் உளவியலாளர், ஓட்டிசப் பிள்ளைகளைப் பழக்க மின்னதிர்ச்சியையும் கையாண்டு, அதனை 1965இல் ஆய்வுக் கட்டுரையாகவே வெளியிட்டார். பிள்ளை கையை உதறாதிருக்க வேண்டும், முகம் பார்க்க வேண்டும், ஏனைய பிள்ளைகளிலிருந்து பிரித்தறிய முடியாதவனாக வேண்டும் என்பதே இத்தகைய பயிற்சியின் நோக்கம். மின்னதிர்ச்சியை இன்று பெரும்பாலோர் கைவிட்டனர். நோக்கம் பல இடங்களில் மாறவில்லை. சொன்னதைச் சொன்னவுடன் செய்யும் பிள்ளையே பழகிய பிள்ளை என்று கருதும் வகுப்பறையில் வளர்ந்தவர்கள் நாம். நமக்கு இது இயல்பாகவே படும். எந்தக் கை தொட்டாலும் இசைந்து கொடுக்கப் பழகிய ஓர் இளம்பெண், தீயவன் ஒருவனின் கையை எங்ஙனம் தடுப்பாள்? “வேண்டாம்” என்பதும் அன்றாட வாழ்க்கைக்குரிய ஒரு திறமையே. நான் முதலிற் பழக்கியிருக்க வேண்டியது அதுவே.

தண்ணீர்த் தம்ளர் நிகழ்ச்சிக்குப் பிறகு “வேண்டாம்” என்பதற்கு ஓர் அட்டை செய்து அவன் கையில் கொடுத்தோம். இரு கிழமை அவன் எல்லாவற்றையும் மறுத்தான். சேட்டு வேண்டாம், பல்துலக்கி வேண்டாம், குளிப்பு வேண்டாம், மாஸ்டரும் வேண்டாம். அத்தாய் என்மீது கொண்ட கோபம் முற்றிலும் நியாயமானது. சுதந்திரத்தைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறவன் மாலையில் தன் வீட்டுக்குப் போய்விடுகிறான். குளிக்காத பிள்ளையோடு இரவைக் கழிப்பவர் தாய். குளிப்பை விட முடியாது. ஆயின் மறுப்பின் காரணத்தைத் தேடலாம். தலையில் வாளித் தண்ணீர் திடீரென்று விழுவதே அவனுக்குத் தாங்க முடியாதது என்று கண்டோம். தம்ளரால் தானே அள்ளி ஊற்றவிட்டபோது குளித்தான். பல்துலக்கியின் நார் அவன் முரசில் முள்ளாகப் பட்டது. மெல்லிய நாருடையதை வாங்கினோம். இருபது ஆண்டு “பிடிவாதம்” என்று பெயர் பெற்றவற்றுட் பாதி இத்தகைய சிறு வேதனைகளே.

தங்கியிருத்தலும் சுதந்திரமும் முரண்பட்டவை அல்ல என்பதை உலகுக்கு உரத்துச் சொன்னவர்கள் பேராசிரியர்கள் அல்லர், உடற்குறை உடையவர்களே. போலியோவினால் கழுத்துக்குக் கீழ் செயலிழந்த எட் றொபேட்ஸ், 1962இல் கலிபோர்னியாவின் பேர்க்லிப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். இரவில் மூச்சுக்கு இரும்புக் கூண்டு. உணவுக்கும் உடைக்கும் பிறர் கை. வேலைக்கு உதவாதவர் என்று மாநில மறுவாழ்வுத் திணைக்களம் முன்பு அவரை ஒதுக்கியது. 1975இல் அவர் அதே திணைக்களத்துக்குத் தலைவரானார். யார், எப்பொழுது, எவ்வாறு எனக்கு உதவுவது என்பதை நானே தீர்மானிப்பதே சுதந்திரம் என்பது அவரும் தோழர்களும் நிலைநாட்டிய கருத்து. பேச்சுக் குறைந்த எங்கள் பையனுக்கு இதை அப்படியே பொருத்த முடியாது என்பர். அட்டை ஒன்று போதியதாயிற்றே! அளவு வேறாகலாம், உரிமை வேறாகாது.

ஆனால் தீர்மானிப்பவன் அவனாயின், செய்து கொடுக்கும் கைகள் யாருடையவை? கடும் குறைபாடுடைய மகளை வளர்த்த அமெரிக்க மெய்யியலாளர் ஈவா கிற்றே, 1999இல் வெளியிட்ட நூலில் இக்கேள்வியையே நீதியின் நடுவில் வைத்தார். தங்கியிருப்பவரைத் தாங்குபவர் தாமும் வலுவிழந்துபோகிறார். அவரைத் தாங்கும் கடமை சமுதாயத்துக்கு உண்டு. நம்மிடையே அக்கைகள் தாயினுடையவை. தாய்க்குப் பின் அக்காவினுடையவை. கூலியும் இல்லை, ஓய்வும் இல்லை. இத்தனைக்கும், பிள்ளைக்கு ஓட்டிசம் வந்ததே தாயின் அன்பு குளிர்ந்திருந்ததனால் என்று புரூனோ பெற்றல்ஹைம் போன்றோர் 1967இலும் நூல் எழுதினர்! அப்பழி பொய்யென்று அறிவியல் தள்ளிவிட்டது. உழைப்போ இன்னும் தாயின் தலையிலேயே கிடக்கிறது.

இலங்கையில் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் உண்டு. சமூகத்தின் நடுவே தான் விரும்பியபடி வாழும் உரிமையைக் கூறும் ஐக்கிய நாடுகளின் 2006ஆம் ஆண்டு உடன்படிக்கையை எமது அரசு 2016இல் ஏற்று உறுதி செய்தது. 1945இல் இலவசக் கல்வியைப் பெற்ற நாடு இது. பள்ளிக்கூடத்துச் செலவைத் தனித்தனிக் குடும்பத்தின் பாரமாக விடலாகாது என்று அன்று கண்ட நியாயம், பத்தொன்பது வயதோடு பள்ளிக்கூடம் முடிந்துபோனவனுக்கு ஏன் பொருந்தாது?

எங்கள் பையன் இப்பொழுது சந்திக் கடைக்குத் தானே போய்ப் பாண் வாங்கி வருகிறான். மிசிசிப்பிக் கமக்காரனிடம் நான் கடன் வாங்கிய உபாயம் அது. பஸ் வரும் நேரத்துக்கே கடைக்குப் போவது, இலக்கத்தைப் பார்ப்பது, பாணோடு திரும்புவது. அவன் பழகியதைவிடக் கடைக்காரர் பழகியது அதிகம். பேச்சைக் குறைக்கவும், பஸ் கடந்து போகும்வரை காசுக்குக் காத்திருக்கவும், மீதியை அவன் மேசையில் எண்ணி முடிக்கும்வரை அடுத்தவரை மறித்து வைத்திருக்கவும் அவர் கற்றுக்கொண்டார்.

சென்ற மாதம் எங்கள் சனசமூக நிலையக் கூட்டத்தில் அத்தாயின் கேள்வியை முன்வைத்தேன். தாய்க்கு இயலாத நாளில் ஐந்து வீட்டார் முறைவைத்து அவனைக் கவனிப்பது என்பது என் யோசனை. இது அரசாங்கத்தின் வேலை, நாம் எடுத்துக்கொண்டால் அவர்கள் தப்பித்துக்கொள்வார்கள் என்றார் ஒருவர். அதில் உண்மை இருக்கிறது. கனடாவிலுள்ள தாய்மாமன் காசு அனுப்பினால் ஆள் பிடிக்கலாம் என்றார் இன்னொருவர். அவனிடம் கேட்டீர்களா என்றாள் பல்கலைக்கழகத்தில் படிக்கும் ஒரு பிள்ளை. அவன் கடைசி வாங்கில் இருந்தான். எல்லோருக்கும் தேநீர் வந்தது. அவன் சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்து, தேநீர்த் தட்டை ஏந்தி வந்தவரிடம் நீட்டினான். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். நேரம் போதாமையால் விடயம் ஒத்திவைக்கப்பட்டதாகச் செயலாளர் அறிக்கைப் புத்தகத்தில் எழுதியிருக்கிறார். அடுத்த கூட்டம் வரும் மாதம் முதலாம் ஞாயிற்றுக்கிழமை.